தறிக்குழியில் இறங்கியவள்

எங்கள் தெருவில் அம்மாவுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வந்து நின்றுகொள்வாள். கேஸ் சிலிண்டர் மாற்ற எதிர்வீட்டு அத்தையைத்தான் கூப்பிடுவாள். அத்தை ரெகுலேட்டரைத் திருகி, அடுப்பைப் பற்றவைத்து, "வாடியம்மா, ஒண்ணும் ஆவல" என்று குரல் கொடுத்த பிறகுதான் உள்ளே வருவாள். இடி இடித்தால் டிவி, மிக்ஸி எல்லாவற்றின் ஒயரையும் பிடுங்கிவிடுவாள். அப்பா ஏதாவது விசேஷத்துக்கு வந்தவாசிக்குப் போனால், பஸ் எங்கள் ஊர் ஆரணிக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம் தாண்டியதும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

"காத்து அடிச்சாக்கூட பயந்துகினு இருந்தா எப்பிடிடி குடும்பம் நடத்துவ?" என்று அத்தை கேலி செய்வாள்.

"நான் ஒருத்தி பயந்துக்கறேன். நீங்கள்லாம் தைரியமா இருங்க" என்று அம்மா சிரிப்பாள்.

ஒரே ஒரு பயத்தைப் பற்றி மட்டும் அவளால் சிரிக்க முடியாது. பாம்பு என்ற சொல்லையே வீட்டில் சொல்லவிட மாட்டாள். சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'பூச்சி' என்பாள். அவள் பிறந்தது பெரணமல்லூர் பக்கத்தில் ஒரு கிராமம். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். வேர்க்கடலைக் கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவரைப் பாம்பு கடித்தது. பயத்தில் கொல்லையிலிருந்து வீடுவரை ஓடிவந்திருக்கிறார். சின்னப் பெண்ணாக இருந்த அம்மாதான் வாசலில் நின்றிருந்தாள். தண்ணீர் கேட்டாராம். சொம்பை எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வருவதற்குள் அவர் சுவரில் சாய்ந்து சரிந்துவிட்டார். "ஓடாம இருந்திருந்தா பொழைச்சிருப்பான்னு அப்புறம் எல்லாரும் பேசிகினாங்க" என்று அம்மா எனக்கு ஒருமுறைதான் சொன்னாள். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்து கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நடு அறைதான் தறி அறை. குழித்தறி. அப்பா தரைமட்டத்தில் பலகைமேல் உட்கார்ந்து, இடுப்பளவு ஆழமுள்ள குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டிருப்பார். மிதிக்கட்டைகள் குழிக்குள் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றி மிதித்தால் பாவு இழைகள் ஏறி இறங்கும். மண் குழி அது. மழைக்காலத்தில் அதிலிருந்து ஈர வாடை வீடு முழுக்கப் பரவும்.

அப்பா கல்யாணச் சேலை ஒன்றை நெய்துகொண்டிருந்தார். கனமான ஜரிகைக் கரை. தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிற வேலை அது. சமையல், துணி, பாத்திரம் எல்லாம் முடிந்த பிறகு அவளுக்கு அதுதான் ஓய்வு. நான் நிலைப்படியில் சாய்ந்து அவளோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன்.

ராட்டை நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மா நூலைப் பார்க்கவில்லை. அவள் கண் குழியின் ஓரத்தில் இருந்தது. நானும் பார்த்தேன். மூலையில் சுவரும் தரையும் சேருகிற இடத்திலிருந்து கறுப்பாக, பளபளப்பாக ஒன்று நீண்டு குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தலை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாலும் உள்ளே வழுக்கிப் போனது.

என் வாய் திறந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தரையோடு தாழ்த்தி என் பக்கமாக விரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா முன்கோபி. அம்மா எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டுவிட்டுத்தான் காதில் வாங்குவார். பாம்பு என்று சொன்னால் குதித்து எழுந்திருப்பார். காலை ஆட்டாதீங்க என்று மட்டும் சொன்னால் எதற்கு என்று குனிந்து பார்ப்பார். இதெல்லாம் அம்மாவுக்கு எத்தனை நொடியில் தோன்றியதோ தெரியாது.

"இன்னாங்க," என்றாள். உப்புப் போட்டாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னாள். "மிதிய அப்பிடியே புடிங்க. பாவுல இழை சிக்கிகினு இருக்குது. கால எடுத்தீங்கன்னா மொத்தமா அறுந்துடும்."

அப்பாவின் கால் அப்படியே நின்றது. ஊடை நூலை ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி முன்னால் சாய்ந்து பாவைப் பார்த்தார்.

"எங்க?"

"கரை பக்கம். நல்லா பாருங்க. ஜரிகை இழை."

"ஒண்ணும் தெர்லியே."

"பாத்துகினே இருங்க. கால மட்டும் விட்றாதீங்க. ரெண்டு காலும்."

அப்பா இழை இழையாகப் பார்த்துக்கொண்டு போனார். மழைச் சத்தம் ஓட்டின்மேல் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே குழிக்குள் பார்வையை இறக்கியிருந்தாள். எனக்குக் குழி தெரியவில்லை. அவள் முகம்தான் தெரிந்தது. அவள் கண் மெல்ல இடப்பக்கம் நகர்ந்து, அங்கேயே நின்றது. அது அவர் கால் இருக்கிற இடம்.

அப்பாவின் கை பாவின்மேல் நின்றுவிட்டது. காலில் ஏதோ பட்டிருக்க வேண்டும். கேட்பதற்காக அம்மா பக்கம் திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே விட்டுவிட்டார். எதற்கும் பயப்படாதவர் என்று நான் நம்பியிருந்த மனிதரின் நெற்றியிலிருந்து வியர்வை வடிந்து புருவத்தில் நின்றது.

"ஆமாம்," என்றாள் அம்மா, இன்னும் மெல்ல. "இழைய பாருங்க. கீழ பாக்காதீங்க. போயிடும். அதுபாட்டுக்குப் போயிடும்."

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மிதியை அழுத்திப் பிடித்திருந்த காலின் நடுக்கம் கயிறு வழியாக ஏறி, பாவு முழுவதும் மெல்லியதாக அதிர்ந்தது. எனக்கு அந்த அதிர்வைத்தான் பார்க்க முடிந்தது. அது நின்றுவிடக் கூடாது என்றும் அதிகமாகிவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

அம்மாவின் கண் மறுபடியும் நகர்ந்தது. குழியின் எதிர்ச்சுவர், அப்புறம் அதன் அடிமூலை. அங்கே கொஞ்சநேரம் இருந்தது.

"இப்ப எழுந்திரிங்க. ஜல்தி!"

அவர் கைகளை ஊன்றி எம்பினார். கால்கள் வரவில்லை. அம்மா பாய்ந்து போய் அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். நானும் பிடித்தேன். மூவரும் நிலைப்படிக்கு வெளியே வந்து விழுந்தோம். அம்மா கதவைச் சாத்தி, அடியில் இருந்த இடைவெளியில் தன் புடவை முந்தானையைச் சுருட்டித் திணித்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு நடுக்கம் வந்தது. பல் கிட்டிக்கொண்டது. எதிர்வீட்டு அத்தை ஓடிவந்து சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தும் தம்ளரை அவளால் பிடிக்க முடியவில்லை.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் கொக்கியும் டார்ச் லைட்டுமாகத் தேடினார்கள். குழியின் அடிமூலையில் எலிவளை ஒன்று இருந்தது. அதற்குள் கம்பியை விட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றும் வரவில்லை. "வெளிய போயிருக்கும்மா. இருந்தாலும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா வளையைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார். ஆனால் அது உள்ளே இருக்கும்போது அடைத்தோமா, போன பிறகு அடைத்தோமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நாங்கள் இருந்த விதம் வேறு. அரிசிப் பானைக்குள் கையை விடுவதற்கு முன் பானையைத் தட்டினோம். விறகோ துணி மூட்டையோ எதையும் காலால் தள்ளிப் பார்த்துவிட்டே தொட்டோம். சுருண்டு கிடந்த ஒயரைப் பார்த்து நான் கத்தினேன். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப்போட்டு, போர்வை தரையில் தொங்காமல் அம்மா சுருட்டிச் சுருட்டி வைத்தாள். பேச்சுக் குரல்கூடக் குறைந்துவிட்டது. எல்லோரும் எதையோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

அப்பாவால் தறியில் உட்கார முடியவில்லை. காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, பலகைவரை வருவார். குழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதுகு வலிக்கிறது என்பார். மழை ஈரத்தில் பாவு சரியில்லை என்பார். அப்படியே திரும்பிவிடுவார். கல்யாணச் சேலை பாதியில் நின்றது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன ஆவாரோ என்ற பயம் வேறு.

ஒருநாள் காலை தறி அறையில் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அம்மா குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் துடைப்பக்கட்டை. புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகியிருந்தாள். மிதிக்கட்டைக்கு அடியிலும் மூலைகளிலும் கட்டையால் தட்டித் தட்டிப் பார்த்தாள். உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடிக்கொண்டே இருந்தது.

"அம்மா, வெளிய வாம்மா!"

"பேசாத பாப்பா. நீ சத்தம் போட்டா உள்ள அசையறது கேக்காது."

தட்டி முடித்து ஏறிவந்து, "இன்னாங்க, நான் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல. உக்காருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா அவளையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார்ந்தார். அவர் நெய்யும்வரை அம்மா ராட்டையை முன்னால் போட்டு, குழி தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள். தார் சுற்றுகிற கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

அது தினமும் நடந்தது. காலையில் இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றிவிட்டு அவள் குழிக்குள் இறங்குவாள். இட்லி வேகிற நேரம் முழுவதும் நான் நிலைப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் இறங்குகிறேன் என்றால் அடிக்க வருவாள்.

மழை ஓய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், தட்டுகிற சத்தம் நின்று, "ஸ்" என்று அவள் குரல் கேட்டது. டார்ச் கீழே விழுந்து அணைந்தது. அம்மா குழிக்குள் அசையாமல் நின்றாள். நான் குழியோரம் போய்க் குனிந்தேன். அவள் கணுக்காலுக்குக் கீழே சின்னதாக ரத்தம் பொட்டு வைத்திருந்தது.

"எது? பாத்தியா?"

"பாக்கலடி. லைட்டு அந்தாண்ட இருந்துச்சு." அவள் குரல் மறுபடியும் அதே குரல். "அப்பாவ கூப்புடு. ஓடாத. நடந்து போ."

அப்பா வந்து அவளைத் தூக்கினார். காலைக் கட்டக் கயிறு தேடிய அத்தையை அம்மா தடுத்துவிட்டாள். ஆட்டோவில் காலை நீட்டி உட்காரவைத்தோம். அவள் என் மடியில் கையை வைத்திருந்தாள். கை சில்லிட்டிருந்தது. பயத்தினாலா, விஷத்தினாலா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் காலைப் பார்த்தார். "எது கடிச்சதுன்னு தெரியுமா?" தெரியாது. "வீங்கல. ஆனா காத்திருந்துதான் பாக்கணும்" என்றார். அம்மாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் நிறுத்தினார். "இத யாரும் தொடக் கூடாது. ஆட்டக் கூடாது. ரத்தம் உறையுதான்னு பாக்கறோம். உறையலன்னா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். உடனே மருந்து போட்டுடலாம்" என்றார். இன்னொன்றும் சொன்னார். விஷத்தில் சில வகை இமையைக் கீழே இழுக்குமாம். கண் சொருகுகிற மாதிரி இருந்தால் உடனே கூப்பிட வேண்டும்.

நான் குழாயையும் அம்மாவின் இமைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். யாராவது பக்கத்தில் நடந்தால் மேசை அதிர்கிறதோ என்று பயம். இரண்டு கையையும் குழாயைச் சுற்றி, தொடாமல் அணை மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கண்ணை மூடினாள்.

"அம்மா! கண்ண மூடாதமா!"

"தூக்கம் வருதுடி."

"வேணாம். என்கூட பேசு."

அவள் கூரையைப் பார்த்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள்.

"கேட்டுக்கோ பாப்பா. அப்பாவுக்கு ராத்திரியில தயிர் ஊத்தாத. நெஞ்சுல சளி கட்டிக்கும். கேட்டா உறை குத்தலன்னு சொல்லிடு. வேர்க்கடலை சட்னி அரைச்சா பச்ச மொளகா பாதி போதும், அவருக்கு வயித்துக்கு ஆவாது. ஆனா காரம் கம்மின்னு திட்டுவாரு. திட்டட்டும்."

"அதெல்லாம் நீயே பாத்துக்கோ."

"கேளேன். கோவம் வந்தா சோறு வேணாம்பாரு. கெஞ்சாத. தட்ட வச்சுட்டு அந்தாண்ட போயிடு. நீ நின்னா சாப்ட மாட்டாரு. அத்தைகிட்ட என் இட்லித் துணி கீது, கேட்டு வாங்கிக்க. அப்புறம், நீ தல வாரும்போது பின்னால எடுப்பு கோணலாயிடுது. அத்தைய வாரிவுட சொல்லு. வெக்கப்படாத."

இவ்வளவுதான் அவள் விட்டுப்போக நினைத்தது. ஒரு வீட்டில் அவள் எத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். எங்கள் வயிறு, எங்கள் கோபம், எங்கள் தலைமுடியின் வகிடு எல்லாவற்றையும் அவள் மனத்துக்குள்ளேயே வைத்துப் பராமரித்திருந்தாள். அவள் சொல்லி முடித்துவிடக் கூடாது என்று இருந்தது.

டாக்டர் வந்தார். குழாயை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தார். குழாய் கவிழ்ந்தது. ரத்தம் வழியவில்லை. கட்டியாக அடியிலேயே நின்றது.

"உறைஞ்சிருக்கு. நல்லதுதான்," என்றார். "ஆனா இதோட முடியல. நாளைக்கு வரைக்கும் பாக்கணும். மறுபடியும் எடுப்போம். மேல பாருங்கம்மா. என் விரல பாருங்க."

அம்மா பார்த்தாள். இமை மேலே போனது. நான் கூடவே என் இமையையும் தூக்கினேன்.

அப்பா வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். செருப்புக்கூடப் போடாமல் வந்திருந்தார். நான் போய் ரத்தம் உறைந்த செய்தியைச் சொன்ன பிறகுதான் உள்ளே வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். வழக்கமான கோபம்தான் முதலில் வந்தது.

"உன்ன யாரு குழியில எறங்க சொன்னது?"

"நீங்க எறங்கலியே," என்றாள் அம்மா.

அப்பா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்க்கக் கூடாதென்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளும் ரத்தம் உறைந்தது. இமை தொங்கவில்லை. கடித்தது எலியாக இருக்கலாம், பூரானாக இருக்கலாம், விஷம் இறக்காமல் விட்ட பாம்பாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எது என்று கடைசிவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த உடனே அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். முதல் வெட்டு விழுவதற்கு முன் அவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்ததை நான் பார்த்தேன். அடியை வெட்டி எடுத்தார். எலிவளை சுவருக்கு அடியில் வெகுதூரம் போயிருந்தது. அதற்குள் உரித்துப் போட்ட சட்டை ஒன்று கிடைத்தது, வெங்காயத் தோல் மாதிரி. பாம்பு இல்லை. ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு, குழியின் நான்கு பக்கமும் அடியும் பூசினார். காயும்வரை தறி அறைக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார். கல்யாணச் சேலையை அதற்கப்புறம் நெய்து முடித்தார்.

சிமென்ட் பூசிய பிறகும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையில் இறங்கித் தட்டிப் பார்க்கிறவர் அப்பா. அம்மா மேலே நின்று டார்ச் அடிப்பாள். "அந்தாண்ட, அந்தாண்ட" என்பாள். அவரும் திட்டாமல் அந்தாண்ட தட்டுவார்.

எனக்குக் கல்யாணமாகி வேலூருக்குப் போன பிறகு அவள் பயங்களெல்லாம் போன் வழியாக வந்தன. குழந்தைக்கு ஜுரமா, மாடிப்படியில் கம்பி இருக்கிறதா, ஸ்கூட்டரில் போகும்போது துப்பட்டாவை முடிந்துகொண்டாயா. பேஜாராக இருக்கும். ஆனால் ஒருநாள் போன் வராவிட்டால் எனக்குக் கை ஓடாது.

போன மாசி மாதம் சாயங்காலம் அழைப்பு வந்தது. அவள் எண்தான். பேசியது அப்பா.

"கெளம்பி வா," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆரணி பஸ்ஸில் வழிநெடுக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலாக இருக்கும், கையாக இருக்கும், வழுக்கி விழுந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். தெருமுனையிலிருந்தே எங்கள் வாசலில் நாற்காலிகள் இறக்குவதைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கிறாள். காபிக்கு எழுந்து வரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவள் பட்ட எந்தப் பயத்திலும் இது இல்லை. இப்படி ஒன்று வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை.

அப்பா அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் அழுது முடித்து அடுப்படிக்குள் போனேன். பால் காய்ச்சித் தட்டுப்போட்டு மூடி வைத்திருந்தாள். டிகாஷனும் இறங்கியிருந்தது. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

எதிர்வீட்டு அத்தை பின்னால் வந்து நின்றாள். "உங்கப்பா எதுவும் குடிக்கல. கலந்து குடு பாப்பா. நீ குடுத்தா வாங்கிப்பாரு."

அடுப்பைப் பற்றவைத்தேன். பாலைச் சுடவைத்துக் கலந்து எடுத்துப் போனேன். தம்ளர் டபராவில் தட்டிக்கொண்டே வந்தது. அப்பா இரண்டு கையாலும் வாங்கி, அவளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தார்.